உங்கள் அம்மாவின் ஐந்து கார்டுகள்

பெரியவளே, சின்னவனே, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். முதலில் பெரியவளுக்கு.

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் நீ கல்லூரியிலிருந்து வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, நான் எலிஜிபிள்! லிஸ்ட்ல பேர் வந்திருக்கு!" என்று வாசலிலேயே கத்தினாய். உங்கள் கல்லூரிக்கு ஒரு கம்பெனி ஆள் எடுக்க வருகிறது, அதற்கு உட்காரத் தகுதி உள்ளவர்களின் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள் என்று பிறகு தம்பிதான் எனக்குச் சொன்னான். அந்த நேரத்தில் நான் கேட்டது ஒரே கேள்வி.

"ஃபார்ம்ல என்னம்மா எழுதுன?"

உன் முகம் சுருங்கிப் போனது. "வேற அப்பாவா இருந்தா ஸ்வீட் வாங்க ஓடியிருப்பாங்க. நீங்க ஃபார்ம கேக்கறீங்க" என்றாய். தம்பி, "அவரு சூப்பர்வைசர் அக்கா, கையெழுத்து வாங்காம விட மாட்டாரு" என்று சிரித்தான். நானும் சிரிப்பது போல வைத்துக்கொண்டேன். நீ அந்தக் கம்பெனியில் தேர்வாகியும் விட்டாய். அன்றைக்கு நான் சந்தோஷப்படவில்லை என்று உனக்கு இன்னும் மனதில் இருக்கிறது, எனக்குத் தெரியும். எலிஜிபிள் என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு ஏன் முதலில் ஃபார்ம் நினைவுக்கு வருகிறது என்பதை வாயால் சொல்ல வரவில்லை. நான் பத்தாவது வரைதான் படித்தவன். எழுதினால் நடுவில் நிறுத்தி யோசிக்கலாம் என்று எழுதுகிறேன்.

எலிஜிபிள் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. தருமபுரிப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்த பிறகு, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கேட்டேன். லிஃப்டில் ஏறப் போனேன். செக்யூரிட்டி கையைக் காட்டினார். "இதுக்கு நீங்க எலிஜிபிள் இல்ல, சர்வீஸ் லிஃப்ட் பின்னாடி." கேன்டீன் சாப்பாடு, எலிஜிபிள் இல்லை. கம்பெனி வண்டி, எலிஜிபிள் இல்லை. சின்னவனை இலவச இடத்தில் சேர்க்க ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன், வீட்டுக்கும் அதற்கும் உள்ள தூரத்தைப் பார்த்துவிட்டு எலிஜிபிள் இல்லை என்றார்கள். கன்னடம் பேசுகிறவர், இந்தி பேசுகிறவர், நம்மைப் போலத் தமிழ் பேசுகிறவர், யார் சொன்னாலும் அந்த இடத்தில் மட்டும் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

நீ உன் அகராதியில் பார்த்து 'தகுதியுள்ள' என்று சொன்னாய். எனக்கு அது சரியாகப் படவில்லை. தகுதி என்றால் அந்த ஆளிடம் இருப்பது. அவன் வேலையில், நடத்தையில், கையில் இருப்பது. எலிஜிபிள் ஆளிடம் இருப்பதில்லை. அது எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. நாம் போய்க் கேட்டால் இருக்கிறது என்பார்கள், இல்லை என்பார்கள். திறமையாக வேலை செய்கிறவளும் எலிஜிபிள் இல்லாமல் போகலாம். நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஹவுஸ்கீப்பிங் பெண்கள் அந்த வார்த்தையை வைத்து விளையாடுவார்கள். பேஸ்மென்ட்டில் பம்ப் ரூம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு அறை. மதியம் எல்லோரும் அங்கேதான் டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த ஓர் அக்கா, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாரத்தில் ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு கொண்டு வருவார். மூடியைத் திறக்காமல் கையை அதன் மேல் வைத்துக்கொண்டு கேட்பார்.

"இன்னைக்கு கருவாட்டுக்கு யாரு யாரு எலிஜிபிளு? அஞ்சாவது மாடி பாத்ரூம் கழுவாதவ எல்லாம் எந்திரிச்சி போங்க."

"நான் கழுவுனேங்க்கா."

"எங்க, கைய காட்டு. பினாயில் வாசனை வருதா பாக்கறேன்."

உங்கள் அம்மா அந்த அறையில்தான் அதிகமாகச் சிரிப்பாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது மாடி அவளுடையது. பதினோரு வருஷம் அந்த மூன்று மாடிகளைத் துடைத்தாள். நான் அதே கட்டடத்தில் சூப்பர்வைசர். வேலை நேரத்தில் என்னை "சார்" என்றுதான் கூப்பிடுவாள். மற்றவர்கள் கேலி செய்வதற்காகவே இன்னும் அழுத்திச் சொல்வாள்.

இப்போது நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

எங்கள் வேலை அந்தக் கட்டடத்தின் வேலை இல்லை. கான்ட்ராக்ட்காரரின் வேலை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கான்ட்ராக்ட் மாறும். ஆட்கள் அதேதான். மாப் அதேதான், பக்கெட் அதேதான். சட்டையின் கலர் மட்டும் மாறும். பழைய சட்டையையும் ஐடி கார்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு நாலைந்து நாள் வீட்டில் உட்கார வேண்டும். அதற்கு 'பிரேக்' என்று பேர். ஊரில் திருவிழா இருந்தால் போய் வருவார்கள், ஜாலியாகத்தான் இருக்கும். பிறகு புது கான்ட்ராக்ட்காரரின் ஜாயினிங் ஃபார்ம் வரும். அதை நிரப்பினால் புது சட்டை, புது ஐடி கார்டு, சம்பளத்தில் பிடித்து நடத்துகிற காப்பீட்டு ஆஸ்பத்திரிக்குப் புது நம்பரோடு ஒரு கார்டு.

ஃபார்ம் நிரப்புவது நான். இங்கிலீஷில் பெரிய எழுத்து நன்றாக எழுதுவேன் என்று அந்த வேலை எனக்கு வந்தது. பெருமையாகத்தான் செய்தேன். வீட்டில் தரையில் கட்டுக் கட்டாகப் பரப்பி வைத்துக்கொண்டு எழுதுவேன், நீங்கள் தாண்டித் தாண்டிப் போவீர்கள். அதில் ஒன்பதாவது கட்டம், 'முந்தைய காப்பீட்டு எண், இருந்தால்' என்று இருக்கும்.

முதல் தடவை கான்ட்ராக்ட் மாறியபோது எல்லோருக்கும் முன்னால் ஒரு பெண்ணின் ஃபார்ம் போனது, அதில் பழைய நம்பரை எழுதினேன். அவள் பேரில் ஒரு எழுத்து ஆதாரில் வேறு மாதிரி இருந்ததால் அது பொருந்தவில்லை. பெண்டிங், பெண்டிங் என்று மூன்று வாரம் ஓடியது. கார்டு வராமல் கேட் பாஸ் இல்லை. அதற்குள் அவள் இடத்தில் வேறொருத்தி வந்துவிட்டாள். கான்ட்ராக்ட்காரரின் ஆள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், கன்னடமும் தமிழுமாக.

"அண்ணா, ஹளே நம்பர் யாக்கே? பழசை எதுக்கு எழுதறீங்க? எல்லாருக்கும் ஃப்ரெஷ் போடுங்க. ஒரே நாள்ல பாஸ் வரும். பழைய நம்பர் பார்த்தா வயசான ஆளுனு வேற கழிச்சிடுவாங்க."

அன்றிலிருந்து அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு, இங்கிலீஷில் 'நில்', ஒன்றுமில்லை, என்று எழுத ஆரம்பித்தேன். எல்லோருக்கும். ஒருத்தர் வேலையும் போகவில்லை. "நம்ம அண்ணன் இருந்தா போதும், ஒரே நாள்ல எல்லாரையும் கேட்டுக்குள்ள விட்டுடுவாரு" என்று பெண்கள் சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஐந்து கான்ட்ராக்ட் பார்த்தோம். உங்கள் அம்மாவுக்கு ஐந்து கார்டு.

அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது உங்களுக்கு நினைவிருக்கும். சந்தாபுராவில் பஸ் இறங்கி வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பாள். "ஒண்ணுமில்ல, செருப்பு கடிக்குது" என்பாள். கால் வீங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனோம். இருதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப் போடக் கூடாது என்றார்கள். எனக்குப் பயம் இருந்தாலும் ஒரு தைரியமும் இருந்தது. பதினோரு வருஷமாகச் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள், கார்டு இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன்.

காப்பீட்டு ஆஸ்பத்திரி கவுன்டரில் ஒரு மேடம் இருந்தார். நல்ல மாதிரிதான். எங்களை உட்காரச் சொன்னார். கார்டு நம்பரைத் தட்டினார், மறுபடி தட்டினார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். நாங்கள் தமிழ் என்று பார்த்துத் தமிழிலேயே பேசினார்.

"இவங்க சேர்ந்து நாலு மாசம்தானே ஆகியிருக்கு? இந்த ஆபரேஷனுக்கு எலிஜிபிள் ஆகல்லப்பா."

"பதினோரு வருஷம் மேடம்."

"நீங்க சொல்றீங்க. இங்க பாருங்க. இதே பேரு, இதே வீட்டுக்காரர் பேரு, அஞ்சு பேரு இருக்காங்க. ஒருத்தர் ரெண்டரை வருஷம், ஒருத்தர் மூணு. நாலு பேரு வேலைய விட்டுட்டாங்க. இவங்க அஞ்சாவது ஆளு."

"அந்த அஞ்சும் இவதான் மேடம். ஒரே பொம்பளை."

"எனக்குப் புரியுது. சிஸ்டம் ஒத்துக்கணுமே."

அவர் எங்கள் ஃபார்மைத் திரையில் கொண்டு வந்தார். ஒன்பதாவது கட்டத்தில் விரலை வைத்தார். "இங்க பழைய நம்பர் கேட்டிருக்கு. கோடு போட்டு நில்னு இருக்கு. யாரு எழுதுனது இது?"

அது என் எழுத்து. என் கோடு. அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ஆபீஸ்ல மேடம்" என்றேன்.

வெளியே வந்து வேப்ப மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து எனக்குக் கொடுத்தாள். தான் குடிக்கவில்லை, கால் வீக்கத்துக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். பாட்டிலை நான் திருப்பிக் கொடுத்தபோது கேட்டாள்.

"அந்தக் கோடு நீங்க போட்டதுதானே?"

அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் நான் ஃபார்ம் எழுதும்போதெல்லாம் எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தவள் அவள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"எல்லாருக்கும் போட்ட கோடுதான். எனக்கு மட்டும் வேற போட்டிருப்பீங்களா?" என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அப்புறம், "பிள்ளைங்ககிட்ட ஆபீஸ்னே சொல்லுங்க" என்றாள்.

அதனால்தான் ஆபீஸ் என்று சொன்னேன். உங்களிடம் சொன்னேன், உங்கள் மாமாவிடம் சொன்னேன், துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் சொன்னேன். "அந்த ஆபீஸ்காரன் நல்லா இருப்பானா" என்று உங்கள் அத்தை மண்ணை வாரித் தூற்றியபோது நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஐந்து நம்பரையும் ஒன்றாகச் சேர்க்க வழி இருந்தது. பழைய கான்ட்ராக்ட்காரர்கள் நாலு பேரும், இந்த ஆள் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை எங்களிடம் வேலை பார்த்தார் என்று அவரவர் தாளில் எழுதி, சீல் வைத்துத் தர வேண்டும். இன்னொரு பக்கம் அரசு இருதய ஆஸ்பத்திரியிலும் பேர் கொடுத்து வைத்தோம். அங்கே இலவசத் திட்டத்துக்கு நம் ரேஷன் கார்டு தமிழ்நாட்டில் இருப்பதால் எலிஜிபிள் இல்லை. ஊருக்குப் போய்க் கேட்டேன், பதினோரு வருஷமாக இங்கே இல்லாதவர்களுக்கு வருமானச் சான்றிதழ் எப்படித் தருவது என்றார்கள். ஆகவே சாதாரண வரிசையில் காத்திருந்தோம். நான் கடிதங்களைத் தேடிப் போனேன்.

ஒரு கான்ட்ராக்ட்காரரின் ஆபீஸ் இருந்த இடத்தில் மொபைல் கடை இருந்தது. விசாரித்து ஓசூரில் பிடித்தேன். ஒருவர் எட்டு முறை வரச் சொன்னார். இன்னொருவர் ஒரே நாளில் கொடுத்துவிட்டார், ஆனால் தேதியைத் தப்பாகப் போட்டிருந்தார், திரும்பவும் போனேன். மூன்று மாதத்தில் மூன்று கடிதம். வீட்டுக்கு வந்து காட்டினால் அம்மா வாங்கி, சீல் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். "ரெண்டாவது பொம்பளை வந்துட்டா" என்பாள். "மூணாவதும் வந்துட்டா. முதல்காரி எங்க போனாளோ?" நீங்கள் அதைக் கேட்டுவிட்டு அம்மா ஏதோ உளறுகிறாள் என்று பயந்தீர்கள். அவள் கார்டுகளைத்தான் சொன்னாள்.

கடைசியாக மிஞ்சியது முதல் கான்ட்ராக்ட்காரர். ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்தில் வீடு. தமிழ்க்காரர், தொழிலை விட்டு வருஷக்கணக்கில் ஆகிவிட்டது. அதற்குள் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரி வார்டில் சேர்த்திருந்தோம். நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தீர்கள். "நான் இங்க இருந்து என்ன பண்ணப் போறேன், அந்தக் கடுதாசிய வாங்கியாரேன்" என்று காலையில் கிளம்பினேன்.

அவர் நல்ல மனிதர். "ரெஜிஸ்டரெல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டாச்சேப்பா. பரவால்ல, உன்னைத் தெரியும், அந்தப் பொண்ணையும் தெரியும். எழுதித் தரேன்" என்றார். டீ கொடுத்தார். பழைய லெட்டர்ஹெட்டைத் தேடி எடுத்தார். சீலும் கிடைத்தது. ஆனால் மை பேடு காய்ந்து கட்டையாகப் போயிருந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தார், விழவில்லை. மருமகளைக் கூப்பிட்டுக் கடைக்கு அனுப்பினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தேன். பேடு வந்து, அவர் சீலை அதில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பெரியவளே, உன் நம்பர். நீ பேசுவதற்கு முன்னால் நானே சொன்னேன்.

"சீல் போட்டுட்டு இருக்காரும்மா, இதோ வந்துடறேன்."

அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை. அங்கே இருந்தவர்கள் நீங்கள். நான்தான் இல்லை.

நேரத்தோடு ஆபரேஷன் நடந்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் பிறகு சொன்னார். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த வாசலை அவளுக்கு அடைத்தது என் கை. ஆபீஸ் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதையும் சேர்த்துத்தான் நீங்கள் என்னை எடை போட வேண்டும். அம்மா போன பிறகு மறுபடியும் கான்ட்ராக்ட் மாறியது. ஃபார்ம் கட்டு வீட்டுக்கு வந்தது. இந்தத் தடவை ஒவ்வொருத்தரிடமும் பழைய கார்டைக் கேட்டு வாங்கி, ஒன்பதாவது கட்டத்தில் நம்பரை எழுதினேன். ஒருத்தருக்கும் கோடு போடவில்லை. மனதில் ஏதோ பிராயச்சித்தம் செய்வது போல இருந்தது. நாலு பேருக்கு நம்பர் பொருந்தவில்லை. இரண்டு பேருக்கு எப்படியோ சரியானது. மற்ற இரண்டு பேரின் இடம் போனது. அதில் ஒருவர் கிருஷ்ணகிரி அக்கா.

அவர் கேட் வாசலில் என்னைப் பிடித்தார். சுற்றி ஆட்கள் இருந்தார்கள்.

"ஏன்டா தம்பி, இத்தனை வருஷம் கோடு போட்டவன் இப்ப மட்டும் ஏன்டா நம்பர் போட்ட?"

"நாளைக்கு உனக்கு உடம்புக்கு ஒண்ணுன்னாக்கா..."

"நாளைக்குத்தானே? இன்னைக்கு எனக்கு வேலை போச்சே! உன் பொண்டாட்டி செத்தா, அதுக்கு என் சோத்துல ஏன்டா கைய வெக்கற?"

சொல்லிவிட்டு அவரே அழுதார். உங்கள் அம்மாவைக் குளிப்பாட்டியது அந்த அக்காதான். இப்போது ஒரு அபார்ட்மென்ட்டில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். அங்கே கார்டும் இல்லை, நம்பரும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை, "பிள்ளைங்க நல்லா இருக்குதா?" என்று கேட்பார். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை. கோடு போட்டதும் தப்பு, போடாததும் தப்பு என்றால் எது சரி என்று நான் யாரைக் கேட்பேன்? பத்தாவது படித்தவனுக்கு விடை தெரியவில்லை. நீங்கள் இன்னும் படித்தவர்கள், உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

பெரியவளே, நேற்று உன் ஜாயினிங் ஃபார்ம் வந்தது. பாதி நிரப்பிவிட்டு இன்று காலை கிளம்பும்போது, "மிச்சத்த நீங்க எழுதி வையுங்கப்பா, உங்க கையெழுத்துதான் அழகா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். போன மாதத்துக் கோபம் போய்விட்டது என்று எனக்குக் காட்டத்தான் அப்படிச் சொன்னாய் என்று புரிந்தது. உட்கார்ந்து எழுதினேன். நம் விலாசம் எழுதினேன். தாயார் என்ற இடத்தில் அம்மா பேரை எழுதினேன். இரண்டாவது பக்கத்தில் அந்தக் கட்டம் வந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தின் நம்பர், இருந்தால்.

உனக்கு இது முதல் வேலை. உனக்கு முன்னால் நம்பர் கிடையாது. அங்கே கோடு போட்டு 'நில்' என்று எழுதுவதுதான் சரி. நன்றாகத் தெரிகிறது. பேனாவை வைத்தேன், எடுத்தேன். போட வரவில்லை.

மற்ற எல்லாம் எழுதி முடித்து மேஜை மேல் வைத்திருக்கிறேன். அந்தக் கட்டம் ஒன்று மட்டும் காலியாக இருக்கிறது. ஃபார்முக்குப் பக்கத்தில் பிஸ்கட் டப்பா இருக்கும். அதில் அம்மாவின் ஐந்து கார்டும் நாலு கடிதமும் இருக்கின்றன. நாலாவது கடிதத்தில் சீல் ரொம்பத் தெளிவாக விழுந்திருக்கிறது. தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவற்றைப் பார், இதைப் படி. படித்த பிறகு அந்தக் கோட்டை நீயே போடு. போட்டதும் கடைக்குப் போய் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை டப்பாவில் வை.